நீச்சல் குளமாக மாறிய தேவாலயம்... ரஷ்யாவில் மதமும் அரசியலும் மீண்டும் கைகோத்தது எப்படி?

மாஸ்கோ நதிக்கரையில், கிரெம்ளின் மாளிகையில் இருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஓர் இடம் இருக்கிறது. நெப்போலியனின் படையை 1812ல் விரட்டியதன் நினைவாக அங்கே கட்டப்பட்ட பிரம்மாண்ட தேவாலயம் 1883ல் திறக்கப்பட்டது. 1931 டிசம்பர் 5ம் தேதி கம்யூனிஸ்ட் அரசு அதை வெடி வைத்துத் தகர்த்தது. 1960ல் அதே இடத்தில் ஒரு பெரிய வட்ட வடிவ நீச்சல் குளம் வந்தது. 2000 ஆகஸ்டில் அங்கேயே, பழைய தோற்றத்திலேயே மீண்டும் ஒரு தேவாலயம் திறக்கப்பட்டது.

'மீட்பர் கிறிஸ்து தேவாலயம்' என்ற அந்த ஒரே கட்டடத்தின் கதையில் ரஷ்யாவின் நூறு ஆண்டு வரலாறே அடங்கிவிடும். மதம் மறைந்தே தீரும் என்று 70 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொன்ன நாட்டில், இன்று அரசியல் சட்டத்திலேயே கடவுள் நம்பிக்கை பற்றிய வரி இருக்கிறது. போருக்குப் போகும் வீரர்களுக்குத் தேவாலயத் தலைவர் ஆசி வழங்குகிறார்.

இந்த மாற்றம் எப்படி நடந்தது? மக்கள் உண்மையிலேயே பக்திமான்களாகிவிட்டார்களா? இதனால் திருச்சபை சம்பாதித்தது என்ன, இழந்தது என்ன? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை என்றால் என்ன?

கிறிஸ்தவத்தின் பெரிய பிரிவுகளில் ஆர்த்தடாக்ஸ் ஒன்று. ரோமில் இருக்கும் போப்பின் தலைமையை இது ஏற்பதில்லை. ஒவ்வொரு நாட்டுத் திருச்சபைக்கும் தனித்தனித் தலைமை உண்டு. ரஷ்யாவில் அந்தத் தலைமை மதகுருவை 'பேட்ரியார்க்' என்று அழைக்கிறார்கள். கேரளத்தில் உள்ள ஆர்த்தடாக்ஸ் சபைகள் வேறு மரபைச் சேர்ந்தவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

988ல் கீவ் நகரை ஆண்ட இளவரசர் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றதில் இருந்துதான் இந்தத் திருச்சபை தன் வரலாற்றைத் தொடங்குகிறது. கவனிங்க, கீவ்! இன்றைய உக்ரைனின் தலைநகரம். இன்றைய சண்டையின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஜார் மன்னர்கள் காலத்திலும் திருச்சபை சுதந்திரமாக இருந்ததில்லை. 1721ல் மன்னர் பீட்டர், பேட்ரியார்க் பதவியையே ஒழித்துவிட்டு அரசின் கீழ் இயங்கும் ஒரு சபையிடம் நிர்வாகத்தைக் கொடுத்தார். ஆக, அரசுக்குக் கட்டுப்பட்ட திருச்சபை என்பது கம்யூனிஸ்டுகள் தொடங்கி வைத்த வழக்கம் இல்லை. அது அவர்களுக்கு முன்பே இருந்தது.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் என்ன நடந்தது?

1917 புரட்சிக்குப் பிறகு, 1918 ஜனவரியிலேயே அரசில் இருந்து திருச்சபையையும், திருச்சபையில் இருந்து பள்ளிக்கூடத்தையும் பிரிக்கும் ஆணை வந்தது. கேட்பதற்கு இது சாதாரண மதச்சார்பின்மை போலத்தான் இருக்கும். ஆனா நடைமுறை அதோடு நிற்கவில்லை. திருச்சபையின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. சொலவெட்ஸ்கி தீவில் இருந்த பழமையான மடாலயம் 1923ல் கைதிகள் முகாமாக மாறியது. லெனின்கிராடில் இருந்த கசான் பேராலயம், மதம் மற்றும் நாத்திக வரலாற்று அருங்காட்சியகம் ஆனது. நாத்திகப் பிரசாரத்துக்கென்றே லட்சக்கணக்கான உறுப்பினர்களுடன் ஓர் அமைப்பு இயங்கியது.

உச்சக்கட்டம் 1937-38ல் வந்தது. மாஸ்கோவுக்கு வெளியே உள்ள புத்தோவோ என்ற இடத்தில் மட்டும் அந்தக் காலகட்டத்தில் 20,000க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பாதிரியார்களும் ஆயர்களும் துறவிகளும் உண்டு. புரட்சிக்கு முன் 50,000 அளவில் இருந்த தேவாலயங்களில், 1939ல் வழிபாட்டுக்குத் திறந்திருந்தவை சில நூறு மட்டுமே.

இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கை அழிந்ததா? 1937ல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'உங்களுக்கு மத நம்பிக்கை உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. பதில் சொன்ன வயது வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் 'உண்டு' என்றனர். பயம் நிறைந்த அந்தக் காலத்தில், அரசு ஊழியரிடமே இப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பஞ்சத்தால் ஏற்பட்ட உயிரிழப்பையும் அந்தக் கணக்கெடுப்பு காட்டிக்கொடுத்தது. அரசு அதை வெளியிடவே இல்லை. நடத்திய அதிகாரிகள் பலர் கைது செய்யப்பட்டனர்.

ஸ்டாலின் ஏன் மனம் மாறினார்?

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1943 செப்டம்பர் 4ம் தேதி இரவு மூன்று பேராயர்களை ஸ்டாலின் கிரெம்ளினுக்கு வரவழைத்தார். 1925ல் இருந்து காலியாகக் கிடந்த பேட்ரியார்க் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க அனுமதி கொடுத்தார். நான்கே நாளில் தேர்தல் முடிந்தது.

காரணம் பக்தி இல்லை. மக்களைப் போருக்குத் திரட்ட நாட்டுப்பற்றோடு நம்பிக்கையும் தேவைப்பட்டது. ஜெர்மன் ராணுவம் பிடித்த பகுதிகளில் மக்கள் தேவாலயங்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நல்ல முகம் காட்ட வேண்டிய அவசியமும் இருந்தது.

ஆனா இந்தச் சலுகைக்கு ஒரு விலை இருந்தது. திருச்சபையைக் கண்காணிக்க அரசு ஒரு தனிக் குழுவை அமைத்தது. அதன் தலைவராக உளவுத் துறை அதிகாரியையே போட்டது. 'வழிபாடு நடத்த விடுகிறோம், நாங்கள் சொல்வதைக் கேளுங்கள்' என்ற ஏற்பாடு அன்றுதான் நிலைபெற்றது. பிறகு குருசேவ் காலத்தில் ஆயிரக்கணக்கான தேவாலயங்கள் மறுபடியும் மூடப்பட்டன.

தேவாலயம் இடிக்கப்பட்ட அந்த நதிக்கரையில், உச்சியில் லெனின் சிலையுடன் 400 மீட்டருக்கும் அதிக உயரத்தில் 'சோவியத் மாளிகை' கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். போர் வந்ததும் அங்கே போட்டிருந்த எஃகு பாதுகாப்புப் பணிக்குக் கழற்றிக்கொண்டு போகப்பட்டது. எழும்பாத மாளிகையின் அஸ்திவாரக் குழிதான் கடைசியில் வெந்நீர் நீச்சல் குளம் ஆனது.

திருப்பம் எப்போது வந்தது?

1988. விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்று ஆயிரம் ஆண்டுகள் நிறைவு. அந்த ஆண்டு ஏப்ரலில் சோவியத் தலைவர் கோர்பசேவ், அப்போதைய பேட்ரியார்க் பிமெனைக் கிரெம்ளினில் சந்தித்தார். திருச்சபை தனக்குள் சின்னதாக நடத்தியிருக்க வேண்டிய விழா, அரசு ஆதரவோடு நாடே பார்க்கும் விழாவாக மாறியது.

1990ல் மனசாட்சிச் சுதந்திரச் சட்டங்கள் வந்தன. 1991ல் ஜனவரி 7 கிறிஸ்துமஸ் விடுமுறை நாளானது. பழைய ஜூலியன் நாட்காட்டியைத் திருச்சபை இன்னும் பின்பற்றுவதால்தான் அங்கே டிசம்பர் 25 இல்லாமல் ஜனவரி 7. அதே ஆண்டு ஜூலையில் எல்ட்சின் ரஷ்ய அதிபராகப் பொறுப்பேற்றபோது பேட்ரியார்க் இரண்டாம் அலெக்ஸி மேடையேறி வாழ்த்தினார். டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது.

1990களில் மதம் எப்படி இருந்தது?

ஒரே வரியில் சொன்னால், சந்தைக்கடை மாதிரி. பொருளாதாரம் சரிந்து, சேமிப்பு கரைந்து, எதை நம்புவது என்று தெரியாமல் மக்கள் தவித்த காலம் அது. அமெரிக்க மதப் பிரசாரகர்கள் மைதானங்களில் கூட்டம் நடத்தினர். ஹரே கிருஷ்ணா பக்தர்கள் தெருவில் பாடினர். டிவியில் மனோவசியம் செய்து நோய் தீர்ப்பதாகச் சொன்னவர்களுக்குக் கோடிக்கணக்கில் பார்வையாளர்கள் இருந்தார்கள். டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு தாக்குதல் நடத்திய ஓம் ஷின்ரிக்யோ அமைப்புக்கே ரஷ்யாவில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் இருந்தனர்.

திருச்சபையிடம் காலிக் கட்டடங்கள் வந்து சேர்ந்தன. ஆனா கூரை இல்லை, பணம் இல்லை, பயிற்சி பெற்ற பாதிரியார்கள் இல்லை. அரசு உதவிக்கு வந்தது. இறக்குமதி வரியில் சலுகை கொடுத்தது. அந்தச் சலுகையில் சிகரெட்டும் இறக்குமதியானது என்று செய்தி வெளியானபோது திருச்சபைக்குப் பெரிய தலைகுனிவு ஏற்பட்டது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. 1991ல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்ற பிறகு, நாடாளுமன்றக் குழு ஒன்று உளவு அமைப்பான கேஜிபியின் ஆவணங்களைப் பார்த்தது. மூத்த மதகுருக்கள் சிலர் ரகசியப் பெயர்களில் உளவுத் துறையோடு தொடர்பில் இருந்ததற்கான குறிப்புகள் அதில் கிடைத்தன. கொஞ்ச நாளில் அந்த ஆவணங்கள் மூடப்பட்டன. அந்தக் குழுவில் இருந்த பாதிரியார் க்ளெப் யாகுனின், தேர்தலில் நிற்கக் கூடாது என்ற திருச்சபை உத்தரவை மீறியதாக 1993ல் பாதிரியார் பட்டத்தை இழந்தார். கடந்த காலத்தைப் பேசித் தீர்க்கும் வாய்ப்பு அதோடு நழுவியது.

1997 சட்டம் ஏன் முக்கியம்?

1993ல் வந்த ரஷ்ய அரசியல் சட்டத்தின் 14வது பிரிவு, ரஷ்யா மதச்சார்பற்ற நாடு, எந்த மதமும் அரசு மதம் ஆக முடியாது என்கிறது. அது இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆனா 1997ல் வந்த மதச் சட்டம் வேறு ஒரு கதவைத் திறந்தது. அதன் முன்னுரை, ரஷ்ய வரலாற்றில் ஆர்த்தடாக்ஸ் மதத்துக்குத் 'தனிப் பங்கு' உண்டு என்றது. இஸ்லாம், பௌத்தம், யூத மதம் ஆகியவற்றையும் நாட்டின் வரலாற்றுப் பாரம்பரியத்தின் பகுதியாக மதித்தது. புதிய மதக் குழுக்கள் முழு உரிமை பெற 15 ஆண்டுகள் அங்கே இயங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அமெரிக்காவின் எதிர்ப்பால் எல்ட்சின் முதல் வடிவத்தைத் திருப்பி அனுப்பினார். சில திருத்தங்களுக்குப் பின் செப்டம்பரில் கையெழுத்திட்டார்.

'பாரம்பரிய மதங்கள்' ஒரு பக்கம், 'வெளியில் இருந்து வந்தவை' மறுபக்கம் என்ற பிரிவினை அன்று உறுதியானது. சட்டத்தின் முன் எல்லா மதமும் சமம். நடைமுறையில் வரிசை உண்டு.

மக்கள் உண்மையிலேயே பக்திமான்களாகிவிட்டார்களா?

இங்கேதான் சுவாரஸ்யமான கணக்கு வருகிறது. ப்யூ ஆய்வு மையம் வெளியிட்ட தகவலின்படி, 1991ல் ரஷ்யாவில் வயது வந்தோரில் 31% பேர்தான் தங்களை ஆர்த்தடாக்ஸ் என்று சொன்னார்கள். 2008ல் அது 72% ஆனது. இரண்டு மடங்குக்கும் மேல்!

அப்படின்னா தேவாலயங்கள் நிரம்பி வழிந்திருக்க வேண்டும், இல்லையா? மாதம் ஒரு முறையாவது ஏதேனும் வழிபாட்டுக்குப் போவோர் 1991ல் 2%. 2008ல் 7%. அவ்வளவுதான். 'உண்மையான ரஷ்யராக இருக்க ஆர்த்தடாக்ஸாக இருப்பது முக்கியம்' என்று 57% பேர் சொன்னதாக 2017ல் அதே மையம் வெளியிட்ட இன்னோர் ஆய்வு காட்டியது.

இந்த எண்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் புரியும். பலருக்கு ஆர்த்தடாக்ஸ் என்பது வாரம்தோறும் கடைப்பிடிக்கும் வழிபாடு என்பதைவிட, 'நான் யார்' என்ற கேள்விக்கான பதில். 'சோவியத் குடிமகன்' என்ற அடையாளம் 1991ல் ஒரே நாளில் காலாவதியானது. அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தது ஆர்த்தடாக்ஸ் அடையாளம். குழந்தைக்கு ஞானஸ்நானம், ஈஸ்டருக்கு குலிச் ரொட்டி, வீட்டில் ஒரு புனிதர் படம், இறந்தவருக்கு மெழுகுவத்தி. இதோடு பலருக்கும் மதம் முடிந்துவிடுகிறது.

இதைப் போலி பக்தி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சோவியத் காலத்தில் பாட்டிமார்கள்தான் பேரப்பிள்ளைகளை ரகசியமாகத் தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்கள். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரான அப்பாவுக்குத் தெரியாமல் தன் அம்மா தனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அதிபர் புதினே சொல்லியிருக்கிறார். பல குடும்பங்களின் கதை அது.

புதின் காலத்தில் என்ன மாறியது?

அரசுக்கு ஒரு கொள்கை தேவைப்பட்டது. திருச்சபைக்குச் சொத்தும் பாதுகாப்பும் தேவைப்பட்டன. இரண்டும் ஒத்துப்போயின. 2009ல் கிரில் பேட்ரியார்க் ஆன பிறகு இந்த உறவு இன்னும் நெருக்கமானது.

2010ல், சோவியத் அரசு எடுத்துக்கொண்ட மதச் சொத்துகளைத் திருப்பித் தரும் சட்டம் வந்தது. 2012ல் இருந்து நாடு முழுவதும் 4ம் வகுப்பில் மதப் பண்பாடு குறித்த பாடம் தொடங்கியது. ஆர்த்தடாக்ஸ், இஸ்லாம், பௌத்தம், யூத மதம், எல்லா மதங்களின் அறிமுகம், மதம் சாராத அறநெறி என ஆறு பிரிவுகளில் ஒன்றைப் பெற்றோர் தேர்வு செய்யலாம். 1988ல் சுமார் 7,000ஆக இருந்த பங்குத் தேவாலயங்களின் எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது.

பிறகு 2012. தேர்தல் நேரம். பிப்ரவரியில் நடந்த ஒரு கூட்டத்தில், 1990களின் துயரத்தில் இருந்து நாடு மீண்டதைக் 'கடவுளின் அற்புதம்' என்று கிரில் வர்ணித்தார். பக்கத்தில் புதின். அதே மாதம் 21ம் தேதி, திரும்பக் கட்டப்பட்ட மீட்பர் கிறிஸ்து தேவாலயத்துக்குள் முகமூடி அணிந்த பெண்கள் நுழைந்தனர். புதினை விரட்டும்படி கன்னி மரியாளை வேண்டும் பாட்டை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பாடினர். 'புஸ்ஸி ரயட்' குழு அது. மூன்று பேருக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஒருவர் அக்டோபரில் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். மற்ற இருவர் 2013 டிசம்பரில் பொது மன்னிப்பில் வெளியே வந்தனர்.

2013ல் மத உணர்வைப் புண்படுத்துவது குற்றம் என்ற சட்டம் வந்தது. வழிபாட்டுத் தலத்துக்குள் நடந்தால் அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை. ஒரு காலத்தில் மதத்தைக் கிண்டல் செய்வதற்கென்றே பத்திரிகை நடத்திய நாட்டில், தேவாலயத்துக்குள் மொபைலில் போகிமான் கோ விளையாடி வீடியோ போட்ட இளைஞருக்கு 2017ல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது.

2020ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. கொள்கைகளையும் கடவுள் நம்பிக்கையையும் வழங்கிச் சென்ற முன்னோர் என்ற குறிப்பு அதில் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூனில் மாஸ்கோவுக்கு அருகே ராணுவத்தின் பிரதான பேராலயம் திறக்கப்பட்டது. போர் முடிந்த 1945ஐ நினைவூட்ட அதன் பிரதான கோபுரத்தின் விட்டம் 19.45 மீட்டர். வெற்றியின் 75வது ஆண்டுக்காக மணிக்கூண்டு 75 மீட்டர். ஜெர்மனியிடம் கைப்பற்றிய ஆயுதங்களை உருக்கிப் படிகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். புதின் முகம் இடம்பெறும் மொசைக் ஓவியமும் தயாரானது. சர்ச்சை எழுந்ததும் அது நீக்கப்பட்டது.

மக்கள் எதிர்க்கவே இல்லையா?

எதிர்த்தார்கள். அதுவும் வெற்றி பெற்றார்கள்.

2017 ஜனவரியில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் அடையாளமான செயின்ட் ஐசக் பேராலய அருங்காட்சியகத்தைத் திருச்சபையிடம் கொடுப்பதாக ஆளுநர் அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனர். மாற்றம் நடக்கவில்லை. அது இன்றும் அருங்காட்சியகம்தான். உள்ளே வழிபாடும் நடக்கிறது.

2019 மே மாதம், யெகாடெரின்பர்க் நகரில் ஒரு பூங்காவில் தேவாலயம் கட்ட வேலி போட்டார்கள். மக்கள் வேலியைப் பிடுங்கினார்கள். பல நாள் போராட்டம், கைதுகள். கடைசியில் கருத்துக்கணிப்பு நடத்தச் சொன்னார் புதின். அந்த இடம் பொருத்தமில்லை என்று 74% பேர் சொல்லவே, திட்டம் வேறு இடத்துக்கு மாறியது.

போராடியவர்களில் பலர் தங்களை ஆர்த்தடாக்ஸ் என்றே சொல்லிக்கொண்டவர்கள். 'கோயில் வேண்டாம் என்று சொல்லல, பூங்காவை விட்டுடுங்க' என்பதுதான் அவர்கள் கோரிக்கை. அடையாளமாக மதத்தை ஏற்றவர்கள், நிலத்திலும் அதிகாரத்திலும் அது கை வைக்கும்போது அதே அளவு ஆதரவு தருவதில்லை.

ஆனா 2023ல் நிலைமை வேறு. 15ம் நூற்றாண்டு ஓவியர் ஆந்த்ரே ருப்லெவ் வரைந்த புகழ்பெற்ற 'திரித்துவம்' ஓவியத்தை, மாஸ்கோ அருங்காட்சியகத்தில் இருந்து திருச்சபையிடம் ஒப்படைக்கப் புதின் முடிவெடுத்தார். மரப்பலகையில் வரைந்த அந்த ஓவியத்தை இடம் மாற்றினால் சேதமாகும் என்று நிபுணர்கள் எச்சரித்தும் பலனில்லை. போர்க் காலத்தில் தெருவில் இறங்கிப் போராடும் சூழலும் இல்லை.

மற்ற மதங்களின் நிலை என்ன?

ப்யூ ஆய்வின்படி ரஷ்யர்களில் சுமார் 10% பேர் முஸ்லிம்கள். 2015ல் மாஸ்கோவில் புதுப்பிக்கப்பட்ட பெரிய மசூதியைப் புதினே திறந்து வைத்தார். கல்மிக்கியா பகுதியில் பௌத்த விகாரைகள் எழுந்துள்ளன. அரசோடு ஒத்துப்போகும் 'பாரம்பரிய' மதங்களுக்கு இடம் உண்டு.

அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தால் சிக்கல். யெகோவாவின் சாட்சிகள் அமைப்பை 2017 ஏப்ரலில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் 'தீவிரவாத அமைப்பு' என்று தடை செய்தது. வீட்டில் கூடிப் பைபிள் படித்ததற்காகப் பலர் சிறை சென்றனர். 1951ல் இதே பிரிவினரைத்தான் குடும்பம் குடும்பமாகச் சைபீரியாவுக்கு நாடு கடத்தினார் ஸ்டாலின். அப்போது காரணம் நாத்திகம். இப்போது காரணம் 'தீவிரவாதம்'. பாதிக்கப்பட்டவர்கள் அதே மக்கள்.

உக்ரைன் போரில் திருச்சபையின் பங்கு என்ன?

கீவ் திருச்சபை 1686ல் மாஸ்கோவின் கீழ் வந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்து உக்ரைன் தனி நாடான பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது. மாஸ்கோ திருச்சபையின் பங்குத் தேவாலயங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உக்ரைனில் இருந்தது என்றால், அந்த உறவின் கனம் புரியும். 2019 ஜனவரியில், ஆர்த்தடாக்ஸ் உலகில் முதல் மரியாதை பெற்ற கான்ஸ்டான்டிநோபிள் பேட்ரியார்க் பர்த்தலோமேயு, உக்ரைனுக்குத் தனித் திருச்சபையை அங்கீகரித்தார். அந்த முடிவு வரப்போகிறது என்று தெரிந்ததுமே, 2018 அக்டோபரில் கான்ஸ்டான்டிநோபிளுடன் உறவை முறித்தது மாஸ்கோ.

2022 பிப்ரவரி 24ல் போர் தொடங்கியது. கிரில் அதைக் கண்டிக்கவில்லை. மார்ச் 6ம் தேதி பிரசங்கத்தில், மேற்குலகின் ஓரினச் சேர்க்கையாளர் பேரணிகளை டான்பாஸ் மக்கள் ஏற்க மறுப்பதோடு இந்தச் சண்டையை இணைத்துப் பேசினார். செப்டம்பர் 25ம் தேதி, ராணுவக் கடமையில் உயிர் விடுவோரின் பாவங்கள் கழுவப்படும் என்றார். 2024 மார்ச்சில் அவர் தலைமையிலான உலக ரஷ்ய மக்கள் மன்றம் இதைப் 'புனிதப் போர்' என்றே அறிவித்தது. புதினின் பூஜை உதவியாளராக மாறிவிடக் கூடாது என்று போப் பிரான்சிஸ் வெளிப்படையாகவே சொன்னார். பிரிட்டன் கிரில் மீது தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையை ஹங்கேரி தடுத்துவிட்டது.

திருச்சபைக்குள் எதிர்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் கிட்டத்தட்ட 300 மதகுருக்கள் சமாதானம் கோரி வெளிப்படையான கடிதத்தில் கையெழுத்திட்டனர். கட்டாயப் பிரார்த்தனையில் 'வெற்றி' என்ற சொல்லுக்குப் பதில் 'சமாதானம்' என்று வாசித்த மாஸ்கோ பாதிரியார் ஒருவர் 2023ல் பட்டத்தை இழந்தார். ஒரே ஒரு சொல்லுக்காக!

உக்ரைனில் மாஸ்கோவோடு இணைந்திருந்த திருச்சபை 2022 மே மாதம் தன் சுதந்திரத்தை அறிவித்தது. அது போதாது என்று நினைத்த உக்ரைன் அரசு, ரஷ்யத் திருச்சபையோடு தொடர்புள்ள அமைப்புகளைத் தடை செய்ய வழி செய்யும் சட்டத்தை 2024 ஆகஸ்டில் கொண்டுவந்தது. தேசப் பாதுகாப்பு என்கிறது அரசு. எந்தக் கிறிஸ்தவத் திருச்சபையையும் ஒழிக்கக் கூடாது என்றார் போப் பிரான்சிஸ். தன் வழக்கமான தேவாலயத்துக்குப் போகும் சாதாரண பக்தர்தான் இதில் நடுவே மாட்டிக்கொள்கிறார்.

எல்லாக் கம்யூனிஸ்ட் நாடுகளிலும் இப்படித்தானா?

இல்லை. போலந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே கத்தோலிக்கத் திருச்சபை கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்து நின்றது. போப் இரண்டாம் ஜான் பாலின் 1979 வருகை, அடுத்த ஆண்டு எழுந்த 'சாலிடாரிட்டி' தொழிற்சங்க இயக்கத்துக்குத் தெம்பு கொடுத்தது. ஆட்சி மாறியதும் 1990ல் பள்ளிகளுக்கு மதப் பாடம் வந்தது, 1993ல் கருக்கலைப்புக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. ஆனா அதிகாரத்தை நெருங்க நெருங்க மக்கள் விலகினர். ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் 1990ல் சுமார் 50%. 2021ல் சுமார் 28%. கருக்கலைப்பு உரிமையை மேலும் சுருக்கிய 2020 தீர்ப்புக்கு எதிராக இளம்பெண்கள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினர்.

செக் குடியரசில் கம்யூனிசம் போன பிறகும் மதம் திரும்பவில்லை. 2017ல் வெளியான ப்யூ ஆய்வில் 72% பேர் எந்த மதத்தையும் சேராதவர்கள். 1967ல் எல்லா மதங்களையும் ஒட்டுமொத்தமாகத் தடை செய்த அல்பேனியாவில் மசூதிகளும் தேவாலயங்களும் திரும்ப வந்தன. ஆனா மதம் அங்கே அரசியலின் மையமாக மாறவில்லை.

கம்யூனிசத்துக்கு முன் மதம் மக்களோடு எப்படி இருந்தது, அந்த ஆட்சியில் எந்தப் பக்கம் நின்றது, ஆட்சி மாறிய பின் அரசோடு எவ்வளவு ஒட்டியது என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒவ்வொரு நாட்டின் கதையையும் தீர்மானித்திருக்கின்றன.

அடுத்து என்ன?

ரஷ்யத் திருச்சபை இழந்தவற்றில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுவிட்டது. கட்டடங்கள், நிலம், பள்ளிக்கூடத்தில் இடம், அதிபரின் பக்கத்தில் இருக்கை எல்லாம் கிடைத்துவிட்டன. பதிலுக்கு அரசைக் கேள்வி கேட்கும் உரிமை போய்விட்டது. அரசு மாறினால் அதன் பெயரும் சேர்ந்தே அடிபடும் என்ற ஆபத்தும் இருக்கிறது. 1917ல் மக்களின் கோபம் ஜாரோடு சேர்த்துத் திருச்சபை மீதும் திரும்பியதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

உக்ரைனின் ஒடேசா நகரில் உருமாற்றப் பேராலயம் என்று ஒன்று உண்டு. 1936ல் கம்யூனிஸ்ட் அரசு அதை இடித்தது. சோவியத் வீழ்ச்சிக்குப் பின் மக்கள் மீண்டும் கட்டினார்கள். 2010ல் அதை அர்ச்சித்துத் திறந்து வைத்தவர் பேட்ரியார்க் கிரில். 2023 ஜூலை 23ம் தேதி அதிகாலை, ரஷ்ய ஏவுகணைத் தாக்குதலில் அதன் கூரை இடிந்து விழுந்தது. தாங்கள் அதைக் குறிவைக்கவில்லை, உக்ரைனின் வான் பாதுகாப்பு ஏவுகணையே காரணம் என்றது ரஷ்யா. விடிந்ததும் பக்தர்கள் உள்ளே போய், இடிபாடுகளுக்கு நடுவே இருந்து புனிதர் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.